நடுச்சுவர்

காஞ்சிபுரம்,
அக்டோபர் 8.

ஏஞ்சல் அப்பாவுக்கு,

எஸ்தர் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறோம். கடிதத்தில் இந்த இடத்தில் உங்கள் நலத்தை விசாரிக்க வேண்டும். இன்று எனக்கு அது வரவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தால் நீங்கள் குறுக்கே பேசுகிறீர்கள். நீங்கள் குரலை உயர்த்தினால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. அழுதால், சரி சரி அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடுகிறீர்கள். உங்களோடு வேலை பார்க்கும் உதயகுமார் தம்பி லீவு முடிந்து இந்த வாரம் தோஹா திரும்புகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். இதற்குக் குறுக்கே நீங்கள் பேச முடியாது.

அம்சவேணி அக்கா பிழைத்துவிட்டார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்னும் சென்னை ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். இதை நீங்கள் கேட்காமலே எழுதுகிறேன். சுவர் விழுந்த அன்று சாயங்காலம் போன் செய்தபோது நீங்கள் கேட்ட முதல் கேள்வி, “ஸ்டேஷன்ல யாருன்னா எழுதிக் குடுத்துட்டாங்களா?” என்பது. அக்காவைப் பற்றி அதற்கு அப்புறம்தான் கேட்டீர்கள். அதுவும் ‘அந்தம்மா’ என்று.

அந்தம்மா யார் என்று உங்களுக்கு மறந்துவிட்டதா? அக்கா வீட்டுக்காரர் பரமசிவம் அண்ணனின் தம்பி தன் பாதி வீட்டை நமக்கு விற்க ஒப்புக்கொண்டபோது தெருவே கூடி நின்றது. தாமல் காலனியிலிருந்து வந்தவர்களுக்கு நெசவுக்காரத் தெருவில் வீடா என்று நேராகக் கேட்க வெட்கப்பட்டு, வாஸ்து என்றார்கள், கோயில் பக்கம் என்றார்கள். அப்போது அக்கா வாசலுக்கு வந்து, “விக்கிறது என் கொழுந்தன். வாங்குறது அவங்க. நடுவுல நீங்க யாருப்பா?” என்று கேட்டார். நீங்கள் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தீர்கள். அன்றைக்கு இரவு என்னிடம், இந்த அம்மாவுக்கு ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கிறோம் எஸ்தர் என்று சொன்னீர்கள்.

பழைய வீடு போச்சே என்று புலம்ப நான் எழுதவில்லை. எனக்குப் பழைய வீட்டின் மேல் ஆசை கிடையாது. நான் பிறந்தது கூரை வீட்டில். ஐப்பசி மழையில் மண் சுவரின் அடி கரைந்து, அப்பா தன் முதுகைச் சுவருக்கு முட்டுக்கொடுத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். பிறகு அரசாங்கம் தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்தது. கான்கிரீட் என்று சந்தோஷப்பட்டோம். கொஞ்ச வருஷத்தில் உள்ளே கம்பி துருப்பிடித்து, கூரையிலிருந்து காரை பெயர்ந்து சோற்றுத் தட்டில் விழுந்தது. மண்ணும் விழும், சிமெண்டும் விழும். கட்டுகிறவன் கையில்தான் இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரியும்.

அதனால்தான் உங்களை நம்பினேன். கட்டட வேலை தெரிந்த மனுஷன் என்று நம்பினேன். பதினாறு வயதில் சென்ட்ரிங் வேலைக்குப் போனவர் நீங்கள். சவுக்குக் கட்டையை நட்டு, பலகை அடித்து, பெண்கள் வரிசையாக நின்று சட்டி சட்டியாகக் கலவையை மேலே கைமாற்றி, பொழுது சாய்வதற்குள் ஒரு தளம் போட்ட கதையைக் கல்யாணமான புதிதில் எனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறீர்கள். பிறகு மிக்ஸர் மெஷின் வந்தது. பலகைக்குப் பதில் இரும்புத் தகடும், முட்டுக்கட்டைக்குப் பதில் இரும்பு ஜாக்கியும் வந்தன. இப்போது லாரியிலேயே கலவை சுற்றிக்கொண்டு வருகிறது, குழாய் வழியாக ஏழாவது மாடிக்கு ஏறுகிறது, கையில் தொடவே வேண்டாம் எஸ்தர் என்று தோஹாவிலிருந்து வீடியோவில் காட்டினீர்கள். தொழிற்சாலையிலேயே சுவரை வார்த்துக் கொண்டுவந்து கிரேனில் தூக்கி நிறுத்துவதைக் காட்டினீர்கள். நானும் ஏஞ்சலும் வாயைப் பிளந்து பார்த்தோம். நம் வீட்டுக்கும் தூண் போட்டு, பீம் போட்டு, மாடி எடுக்கப் போகிறோம் என்றபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

எல்லாம் தெரிந்த உங்களுக்கு நம் நடுச்சுவர் என்னவென்று தெரியாதா? ஒரே வீடாக இருந்ததை அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டார்கள். நடுவில் இருப்பது ஒரே சுவர். மண் சாந்தில் வைத்த செங்கல். அடியில் அஸ்திவாரம் என்று சொல்ல முழங்கால் ஆழம்கூட இல்லை. இரண்டு பக்கத்துத் தேக்கு உத்தரங்களும் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தன. நம் பக்கத்தை இடித்து உத்தரங்களை எடுத்தபோதே அந்தச் சுவர் ஒரு பக்கத் துணையை இழந்துவிட்டது. தூண் போட்ட வீட்டில் சுவர் வெறும் மறைப்பு, ஒன்றை எடுத்தாலும் வீடு நிற்கும். அவர்கள் வீட்டில் சுவர்தான் தூண். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான்.

அன்று காலை நடந்ததை உங்களுக்கு நினைவுபடுத்துகிறேன். தூணுக்கு அஸ்திவாரம் தோண்ட ஜேசிபி தெரு முனையில் வந்து நின்றது. முந்தின இரண்டு நாளும் மழை. நம் பிளான் போட்ட இன்ஜினியர் பெண் தேவிப்ரியா வந்து மண்ணைப் பார்த்துவிட்டு, சுவர் ஓரத்தில் மெஷின் வேண்டாம் என்றது. ஆள் வைத்து ஒரு குழி தோண்டுங்கள், கான்கிரீட் போட்டு மூடுங்கள், இடையில் ஒரு குழி அளவு மண்ணை விட்டு அடுத்ததைத் தோண்டுங்கள், அதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குள் உத்தரத்துக்குக் கீழே ஜாக்கி கொடுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னது. மேஸ்திரி ராஜவேலு முகத்தைச் சுளித்தான். ஜாக்கிக்கு எங்கே போவது, வாடகைக்கு எடுத்து வர நாள் ஆகும் என்றான். உங்களுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். நான் டியூட்டிக்குக் கிளம்பி யூனிபார்மில் நிற்கிறேன். பரமசிவம் அண்ணன் நிற்கிறார். எல்லோர் காதிலும் விழ நீங்கள், “மேடம் சொல்ற மாதிரியே செய்பா. சேப்டி முக்கியம்” என்றீர்கள். அண்ணன் என்னைப் பார்த்து, “வெவரமான ஆளும்மா உங்க ஊட்டுக்காரரு” என்றார். அந்த நிம்மதியில்தான் அவர் உள்ளே போய்த் தறியில் உட்கார்ந்தார். அந்த நிம்மதியில்தான் நானும் வேலைக்குப் போனேன்.

மத்தியானம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஸ்ட்ரெச்சரில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். முகமெல்லாம் சுண்ணாம்பு. தலைமுடி வெள்ளையாக இருந்ததால் யாரோ வயதானவர் என்று நினைத்து, “கண்ணத் தொறங்கம்மா” என்றேன். கண்ணைத் திறந்து, “எஸ்தரு” என்றார். குரலை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. கால் பக்கம் துணி போட்டு மூடியிருந்தது. துணியை எடுத்துப் பார்த்தேன். மறுபடி மூடிவிட்டு டாக்டரைக் கத்திக் கூப்பிட்டேன்.

சென்னைக்கு அனுப்ப ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் ராஜவேலு வந்து வராந்தாவில் குந்தி உட்கார்ந்து அழுதான். நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். மேடம் அவ்வளவு சொல்லியும் ஏன்டா மெஷினை விட்டாய் என்று கேட்டேன். “அண்ணன்தான் அண்ணி, நீங்களும் மேடமும் போனதும் திரும்பப் போன் பண்ணாரு. அந்தப் பொண்ணு படிச்சத ஒப்பிக்குது, நீ ஓரமா ஒரே இழுப்பா இழுத்துவுடு, பெருமழை புடிச்சிக்கினா கிறிஸ்மஸுக்குத் தளம் போட முடியாதுன்னாரு” என்றான்.

அவன் பொய் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். சாயங்காலம் உங்களிடமே கேட்டேன். நீங்கள் இல்லை என்று சொல்லவில்லை. “ரெண்டு நாள் மிச்சமாவும்னு நெனச்சேன். விழும்னு யாருக்குத் தெரியும்?” என்றீர்கள்.

யாருக்குத் தெரியுமா? உங்களுக்குத் தெரியும். அங்கே ஆள் உயரக் குழி எடுத்தால் நாலு பக்கமும் இரும்புத் தகடு இறக்காமல் ஒருத்தனையும் உள்ளே விட மாட்டீர்கள். காலையில் எல்லோரையும் நிற்கவைத்துப் பாதுகாப்புப் பாடம் நடத்துகிறவர் நீங்கள். தொப்பி போடாதவனைத் திட்டி வெளியே அனுப்பியதைப் பெருமையாகச் சொல்வீர்கள். அந்த ஊர் ஆள் உயிருக்கு அவ்வளவு விலை, உங்கள் மகளுக்குத் தன் தட்டில் சோறு போடுகிற அக்காவின் உயிருக்கு இரண்டு நாள்தானா? ஸ்பீக்கரில் நல்ல மனுஷனாகப் பேசிவிட்டு, பிறகு தனியாகக் கூப்பிட்டு இன்னொன்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது? நேராகவே முடியாது என்று சொல்லியிருந்தால் அண்ணனாவது தறியை விட்டு எழுந்து வெளியே வந்திருப்பார். அக்காவையும் கூட்டிக்கொண்டு போயிருப்பார்.

அதோடு நிற்கவில்லை நீங்கள். மண் சுவர்தானே, மழையில் ஊறித் தானாக விழுந்தது என்று ஸ்டேஷனில் சொல்லு என்று எனக்கே சொல்லிக் கொடுத்தீர்கள். ஏற்கெனவே வெடிப்பு இருந்ததாகவும் சேர்த்துக்கொள்ளச் சொன்னீர்கள். அந்த வீடு எத்தனை ஐப்பசியைப் பார்த்திருக்கிறது! மழையில் விழுகிற சுவர் நீங்கள் குழி வெட்டுகிற நாள் வரைக்கும் காத்திருந்ததா?

சென்னை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடியக் காத்திருந்தபோது நம் தெருக்காரர் ஒருவர் அண்ணனைப் பார்க்க வந்தார். நான் பக்கத்தில் இருப்பது தெரிந்தே, “கண்டவங்களுக்கு எடம் குடுத்தா இப்டித்தான். அப்பவே சொன்னோமே, கேட்டீங்களா?” என்றார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். இத்தனை நாள் அந்தப் பேச்சுக்கு அவர் வாயில் ஒரு பதில் இருந்தது. அதை நீங்கள் பிடுங்கிவிட்டீர்கள்.

இப்போது போனில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கேட்டால் சொல்லலாம் என்று ஒவ்வொரு தடவையும் காத்திருந்தேன். நீங்கள் கேட்கவே இல்லை. சுவர் விழுந்த நேரத்தில் ஏஞ்சல் எங்கே இருந்தாள் என்று ஒரு தடவைகூட நீங்கள் கேட்கவில்லை.

காலாண்டு லீவு. நான் டியூட்டியில் இருந்தால் பிள்ளை எங்கே இருக்கும்? நாம் வாடகைக்கு இருக்கும் அந்த ஒற்றை அறையிலா தனியாக உட்கார்ந்திருக்கும்? அக்கா வீட்டில்தான் இருந்தாள். சுவர் ஓரத்தில், அதே சுவரில் சாய்ந்துகொண்டு செல் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் டீ குடிக்க அப்போதுதான் வெளியே போயிருக்கிறார். முதலில் மண் உதிர்ந்ததாம். பிறகு உத்தரம் முனகியதாம். அந்த வார்த்தையைத்தான் ஏஞ்சல் சொல்கிறாள், முனகியது என்று. அக்கா வாசல் பக்கம் இருந்தார். ஓடியிருந்தால் தப்பியிருப்பார். அவர் உள்ளே ஓடி வந்து இவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளியிருக்கிறார். இவள் முற்றத்தில் குப்புற விழுந்தாள். திரும்பிப் பார்த்தபோது புகை மாதிரி தூசி. அக்கா தெரியவில்லையாம், சத்தம் மட்டும் கேட்டதாம்.

உங்கள் மகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து சுவர் ஓரமாகப் படுக்க மாட்டேன் என்கிறாள். அறைக்கு நடுவில் பாயை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள்.

நேற்று நான் ஸ்டேஷனுக்குப் போய் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். தேவிப்ரியா சொன்னது, நீங்கள் ஸ்பீக்கரில் சொன்னது, ராஜவேலு வராந்தாவில் சொன்னது, அதற்கு நீங்கள் எனக்குச் சொன்ன பதில், எல்லாம். கட்டியவளே காட்டிக்கொடுத்தாள் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாத்திரை வாங்கித் தாமலுக்குக் கொடுத்தனுப்பினேன். அவர்களுக்கு இன்னும் எதையும் முழுதாகச் சொல்லவில்லை. கட்டட வேலை நின்றுவிட்டது. குழியில் தண்ணீர் நிற்கிறது.

எஸ்தர்.


காஞ்சிபுரம்,
நவம்பர் 5.

ஏஞ்சல் அப்பாவுக்கு,

உதயகுமார் கடிதத்தைக் கொடுத்த அன்று நீங்கள் போன் செய்தீர்கள். பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தமும் உங்கள் மூச்சும் மட்டும் கேட்டன. கடைசியில் ஏஞ்சலிடம் கொடு என்றீர்கள். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டாள். நான் வற்புறுத்தவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் கூப்பிடவில்லை. அதனால் மறுபடியும் எழுதுகிறேன். இதைத் தபாலில் போடுகிறேன், எப்போது வருகிறதோ வரட்டும்.

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். வீடு என்று எதைச் சொல்வது? முன்கட்டு மட்டும் நிற்கிறது. பின்கட்டைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள். தறி நசுங்கிப்போனதால் அண்ணன் இன்னொருவர் வீட்டுத் தறியில் போய் நெய்துவிட்டு வருகிறார்.

உங்களைக் கேட்காமல் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நம் வீட்டு வேலையை நிறுத்திவிட்டு, முதலில் அவர்கள் வீட்டைக் கட்டுகிறேன். நீங்கள் நம் மாடிக்கு அனுப்பியது அதற்குத்தான் போகிறது. தேவிப்ரியா தினமும் வந்து நிற்கிறது. மிச்சமிருக்கும் உத்தரங்களுக்கெல்லாம் ஜாக்கி கொடுத்தாகிவிட்டது. ஒரிசாக்காரப் பையன்கள் ஆறு பேர் கடப்பாரையால் ஒவ்வொரு குழியாகத் தோண்டுகிறார்கள். ஒன்றை மூடிய பிறகுதான் அடுத்ததைத் தொடுகிறார்கள். மழை வந்தால் நிறுத்துகிறோம், விட்டால் தொடங்குகிறோம். அவசரப்படாமல் செய்தால் எவ்வளவு நாள் கூடுதலாக ஆகும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ஆள் காலுக்கு ஈடாகிற அளவு ஆகவில்லை.

எந்த மாதிரி சுவர் வேண்டும், முன்பு இருந்த மாதிரியே வேண்டுமா என்று தேவிப்ரியா அக்காவிடம் கேட்டது. அக்கா, “மண்ணு வேணாம்மா. இரும்பு வச்சிக் கட்டு. நான்தான அதுங்கீழ படுத்துக்கினு இருக்கணும்? இந்த ஊட்டுக்குன்னு ஒரு சுவரு, அந்த ஊட்டுக்குன்னு ஒரு சுவரு. நடுவுல எதுவும் வேணாம்” என்றார். கடைசி வாக்கியத்தை என்னைப் பார்க்காமல் சொன்னார். இப்போது இரண்டு வீட்டுக்கும் தனித்தனித் தூண், தனித்தனிச் சுவர். அடுத்தடுத்து நிற்கும், ஒட்டாது.

நான் தினமும் போய்க் காயத்துக்குக் கட்டு மாற்றுகிறேன். அவர் மறுப்பதில்லை. முன்பு மாதிரி பேசுவதும் இல்லை. நேற்று கட்டு மாற்றும்போது தானாகவே பேசினார். “எல்லாரும் வந்து மிஷினு, மழை, விதின்னு சொல்லிக்கினு போறாங்க. மிஷினுக்கு இன்னா தெரியும்? ஒரு ஆளு சொன்னாரு, அது தோண்டிச்சு. அந்த ஆளு இவ்ளோ நாளா ஒரு வார்த்த பேசலியே எஸ்தரு. என் நம்பரு அவருகிட்ட இல்லியா? ஆத்திரத்துல திட்டுவேன். திட்டத்தான் செய்வேன். திட்டு வாங்கக்கூட அவருக்கு நேரமில்லியா?” என்றார். நான் கட்டைப் போட்டு முடித்துவிட்டு வெளியே வந்து குழாயடியில் கை கழுவினேன்.

ராஜவேலு ஜாமீனில் வந்திருக்கிறான். வக்கீலைப் பார்த்தேன். வழக்கில் உங்கள் பெயரும் இருக்கிறது, வந்தால் கூப்பிட்டு விசாரிப்பார்கள், பாஸ்போர்ட்டையும் வாங்கி வைக்கலாம், அதனால் இப்போதைக்கு அங்கேயே இருப்பதுதான் அவருக்கு நல்லது என்றார். உங்கள் அண்ணனும் அதையே சொல்கிறார். எல்லோரும் உங்களுக்கு எது நல்லது என்றே பார்க்கிறார்கள்.

நான் உங்களை வரச் சொல்கிறேன். வேலை போனால் போகட்டும். இங்கே கட்டடம் கட்ட ஆள் இல்லாமல் இல்லை, உங்களுக்குத் தொழில் தெரியும். விசாரணைக்குப் போவோம், நானும் கூட வருகிறேன். ஜெயில் என்றாலும் பார்க்க வருவேன். ஆனால் நீங்கள் அங்கேயே இருந்துகொண்டு மாதாமாதம் அனுப்பி, நான் இங்கே உங்களுக்காக அந்த வாசலில் தலைகுனிந்து நிற்பது மட்டும் இனி முடியாது. ஏஞ்சல் நேற்று அக்காவைப் பற்றிக் கேட்டாள், அப்பாவுக்கு அவங்ககிட்ட பேச பயமா அம்மா என்று. தெரியவில்லை என்றேன்.

வருகிற வரைக்கும் காத்திருக்காதீர்கள். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் செய்யுங்கள். மழையைப் பற்றிப் பேச வேண்டாம், ராஜவேலுவைப் பற்றியும் வேண்டாம். நான்தான் சொன்னேன் என்று சொல்லுங்கள். பிறகு அவர் எவ்வளவு நேரம் திட்டினாலும் போனை வைக்காமல் கேளுங்கள்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் கர்த்தர் உங்கள் நாவுக்குப் பலம் தருவாராக. தினமும் இரண்டு வேளையும் இதற்காகவே முழங்காலில் நிற்கிறேன்.

எஸ்தர்.